புதுசா பூட்டின கம்ப்யூட்டர் ஓடலயா? போர்ட்ட பார்சல் கட்ட முதல் இத ஒருக்கா பாருங்க

போன வருசம் நான் முதல் முதலா சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் பூட்டின நேரம், மதர்போர்ட் பழுது எண்டு நானே முடிவு கட்டி, பெட்டில போட்டு டேப்பும் ஒட்டி, விடிஞ்சா கூரியர்ல குடுக்கிற எண்டு மேசைக்கு மேல வச்சிட்டன். அதுல ஒரு பழுதும் இல்ல. அது எப்பிடி தெரிய வந்திச்சு எண்டு பிறகு சொல்றன்.

கொழும்புல இருக்கிறவன் பிழையா வாங்கிட்டா அடுத்த நாளே கடைக்கு கொண்டு போய் மாத்திருவான். நாங்க மட்டக்களப்பு கல்லடில இருந்து ஒரு சாமான திருப்பி அனுப்பினா போக ரெண்டு மூணு நாள், அவங்க டெஸ்ட் பண்ண ஒரு கிழமை, வர திரும்ப ரெண்டு மூணு நாள். அதனால எது பிழை எண்டு தெரியாம ஒண்டையும் அனுப்பாதீங்க. பழுதான சாமான் வேற, பொருந்தாத சாமான் வேற, நாம பிழையா குத்தின வயர் வேற. முதலாவதுக்கு வாரண்டி இரிக்கு, ரெண்டாவதுக்கு கடைக்காரர்ட மனசு, மூணாவதுக்கு ஒருத்தரும் பொறுப்பில்ல.

படி 1: பூட்ட முதல் பேர வாசிங்க

என்ட சாமான் லிஸ்ட் இதுதான். இன்டெல் ஐ5 12400எஃப் ப்ரொசசர், ஒரு பி660 மதர்போர்ட், 16 ஜிபி ரேம், ஒரு கிராபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை. எல்லாம் கொழும்புல ஒரே கடைல ஒன்லைன்ல எடுத்த. கேசிங் மட்டும் கல்முனைல.

முதல் பிழை ரேம்ல. பி660 போர்ட்டுகள் ரெண்டு விதமா வருது, ஒண்டு டிடிஆர்4 எண்ட பழைய வகை ரேமுக்கு, மற்றது டிடிஆர்5 எண்ட புது வகைக்கு. சில கொம்பனில ஒரே பேர்தான், கடைசில டி4 எண்டு குட்டியா ஒரு எழுத்து இருந்தா டிடிஆர்4. நான் அத கவனிக்கல, புதுசு தானே நல்லம் எண்டு டிடிஆர்5 ரேம் எடுத்திட்டன். ரெண்டுலயும் 288 பின், நீளமும் ஒண்டுதான், கைல வச்சு பாத்தா ஒரு வித்தியாசமும் விளங்காது. ஆனா கீழ தங்க நிற பல்லு வரிசைக்கு நடுவுல ஒரு வெட்டு இரிக்கும் பாருங்க, டிடிஆர்5ல அது கொஞ்சம் நடுவுக்கு கிட்டவா இரிக்கும். ஸ்லொட்ல இருக்கிற மேடு அந்த வெட்டுல வந்து உக்காராட்டி உள்ள போகாது. நான் ஒரு பக்கம் வச்சு பாத்தன், திருப்பி மற்ற பக்கமும் வச்சு பாத்தன். மச்சான் பக்கத்துல நிண்டு "இன்னும் கொஞ்சம் அமத்து, புதுசு எண்டா இறுக்கமாத்தான் இரிக்கும்" எண்டான். நல்ல காலம் அமத்தல. ரேம் சரியா உக்கார கொஞ்சம் பலம் வேணும்தான், ஆனா வெட்டும் மேடும் நேரா வராட்டி உடனே நிப்பாட்டுங்க. ஸ்லொட் வெடிச்சா போர்ட்டும் போச்சு, வாரண்டியும் போச்சு.

ரெண்டாவது பிழை கூலர், ப்ரொசசர குளிராக்கிற ஃபேன். ப்ரொசசர பெட்டி இல்லாம ட்ரேயா எடுத்ததால கூட கூலர் வரல, பழைய 10ஆவது ஜெனரேஷன் கம்ப்யூட்டர்ல கிடந்தத போடலாம் எண்டு நினைச்சன். சொக்கட் எண்டா போர்ட்ல ப்ரொசசர் உக்கார்ற இடம். பழைய 1200 சொக்கட்டுல கூலர் ஓட்டைகளுக்கு இடையில 75 மில்லிமீட்டர், என்ட போர்ட்ட 1700 சொக்கட்டுல 78. மூணு மில்லிமீட்டர்தான், ஆனா பூட்ட ஏலாது. சில கூலர் கொம்பனிகள் 1700க்கு எண்டு தனி பிராக்கட் குடுக்கிறாங்க, கேட்டு பாருங்க.

இன்டெல் இல்லாம ஏஎம்டிட ரைசன் ப்ரொசசர் எடுக்கிறவங்க, ஏஎம்4 சொக்கட் சிப் ஏஎம்5 போர்ட்ல போகாது, ஏஎம்5 போர்ட் எண்டா ரேமும் டிடிஆர்5 மட்டும்தான். ஃபைல் வைக்கிற எம்.2 எஸ்எஸ்டி எண்டு வாங்கினா அது என்விஎம்இ வகையா சாட்டா வகையா எண்டு பாருங்க, சில ஸ்லொட் சாட்டாவ எடுக்காது. கேசிங்குக்கு கிராபிக்ஸ் கார்ட்ட நீளமும் கூலர்ட உயரமும் அளந்து பாத்தா காணும்.

படி 2: வெளிச்சம் எதுல நிக்குது?

ரேம மாத்தி எடுத்து, புது கூலரும் வாங்கி, எல்லாம் பூட்டி பவர் அமத்தினா ஃபேன் எல்லாம் சுத்துது, கார்ட்லயும் லைட் எரியுது, மொனிட்டர்ல மட்டும் "நோ சிக்னல்". இதுலதான் புதுசா பூட்டுற எல்லாரும் பதறுற.

பதறாம போர்ட்ட ஓரத்த பாருங்க. இப்ப வாற கன போர்ட்டுல சிபியு (ப்ரொசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்ட்), பூட் (எஸ்எஸ்டி) எண்டு நாலு குட்டி லைட் இரிக்கும். ஓன் பண்ணினா ஒவ்வொண்டா எரிஞ்சு நூரும், எது நூராம நிக்குதோ அங்கதான் பிரச்சினை. டிரேம்ல நிண்டா ரேம கழட்டி ஒரு குச்சிய மட்டும் நாலு ஸ்லொட் போர்ட் எண்டா ப்ரொசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லொட்ல போடுங்க, ரெண்டு குச்சி எண்டா ரெண்டாவதும் நாலாவதும். டிடிஆர்5 காரங்க முதல் தடவை சில நிமிசம் பொறுங்க, போர்ட் ரேம பழகிற நேரம் அது, இடையில ஓஃப் பண்ணாதீங்க.

சிபியுல நிண்டா போர்ட்ட மேல் மூலைல 8 பின் வயர் குத்தியிரிக்கா எண்டு பாருங்க. 24 பின் பெரிய வயர குத்திட்டு இத மறக்கிற ஆக்கள் கனக்க. அதுக்கு நாலு நாலா பிரியிற வயர்தான் போகணும். ஆறு ரெண்டா பிரியிற வயர் கிராபிக்ஸ் கார்ட்டுக்கு, பாக்க ஒரே மாதிரி, உள்ள ப்ளஸ் மைனஸ் மாறி இரிக்கும், பலவந்தமா குத்தினா எரிஞ்சிரும். கழட்டி பூட்டுற பவர் சப்ளை எண்டா வேற பவர் சப்ளைட வயர கடன் வாங்கவே வேணாம்.

வயர் சரி, லைட் இன்னும் சிபியுல எண்டா பயோஸ், அதாவது போர்ட்டுக்குள்ள இருந்து கம்ப்யூட்டர தொடக்கிற சொஃப்ட்வெயார், பழசா இரிக்கலாம். பி450 போர்ட்ல ரைசன் 5600 போட்டாலோ, பி660ல 13, 14ஆவது ஜெனரேஷன் போட்டாலோ இது வரும். இது பழுதில்ல. போர்ட்ட பின்னால பயோஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தா பென்டிரைவ ஃபேட்32ல ஃபோர்மட் பண்ணி, கொம்பனி சொன்ன பேர்ல ஃபைல போட்டு, அதுக்கெண்டு குறிச்ச யுஎஸ்பில குத்தி நீங்களே செய்யலாம். பட்டன் இல்லாட்டி கடைக்காரன்ட கேளுங்க.

எனக்கு லைட் விஜிஏல ஒரு செக்கன் எரிஞ்சு நூர்ந்திச்சு, அத பிறகு திரும்ப பூட்டி ஓன் பண்ணின நேரம்தான் கண்டன். அதாவது எல்லாம் சரி. முதல் தடவை நான் லைட்ட பாக்கவே இல்ல, யூடியூப்ல யாரோ போர்ட் பழுது எண்டு சொன்னத பாத்திட்டு எல்லாத்தையும் கழட்டி போர்ட்ட பெட்டில போட்டன்.

அண்டைக்கு பின்னேரம் காத்தான்குடில இருந்து எனக்கு தெரிஞ்ச நானா (அண்ணன்) ஒருத்தர் வேற அலுவலா வீட்ட வந்தார், ரிப்பெயார் வேலை செய்றவர். பெட்டிய பாத்திட்டு "எங்க தம்பி, திரும்ப பூட்டுங்க பாப்பம்" எண்டார். கேசிங்ல இல்ல, போர்ட் பெட்டிட மட்டைக்கு மேல வச்சு, ப்ரொசசர், கூலர், ஒரு ரேம், கார்ட், பவர் சப்ளை மட்டும். ஓன் பண்ண முதல் மொனிட்டர் வயர நான் குத்தினன். அவர் தேத்தண்ணி கோப்பைய கீழ வச்சிட்டு கேட்டார், "தம்பி, வயர எங்க குத்தியிரிக்கீங்க?"

போர்ட்ல இருக்கிற எச்டிஎம்ஐல. 12400எஃப்ல அந்த எஃப் எண்டாலே உள்ளுக்க கிராபிக்ஸ் இல்ல எண்டு அர்த்தம். போர்ட்ல ஓட்டை இருந்தாலும் அதுல படம் வராது, கார்ட்லதான் குத்தணும். ரைசன் 5600ம் இப்பிடித்தான், 5600ஜி எண்டா வரும். வயர மாத்தி குத்தின உடனே பயோஸ் வந்திச்சு. நானா ஒண்டும் சொல்லல, சிரிச்சிட்டு மற்ற பிஸ்கட்ட எடுத்தார்.

இப்பிடி வெளிய வச்சு பாக்கிறது நல்ல பழக்கம். வெளிய ஓடி, கேசிங்ல போட்டா ஓடாட்டி, போர்ட்டுக்கு கீழ ஸ்க்ரூ ஏதும் முட்டி நிக்குது எண்டு விளங்கும். ஒவ்வொரு தடவையும் வயர் பிடுங்க முதல் பின்னால சுவிட்ச ஓஃப் பண்ணுங்க. கேசிங்ல கை வச்சா சுள்ளெண்டு அடிச்சா சாமான் பழுதெண்டு நினைக்காதீங்க, அது பெரும்பாலும் வீட்டு ப்ளக்ல எர்த் இல்லாத குறை.

படி 3: உண்மையாவே திருப்பி அனுப்பணும் எண்டா

முதல் கடைக்கு வாட்ஸ்அப்ல எழுத்துல போடுங்க, ஃபோன்ல மட்டும் கதைச்சா பிறகு ஆதாரம் இல்ல. நான் ரேமுக்கு போட்டது இதுதான்: "அண்ணா, பில் நம்பர் இது. டிடிஆர்5 ரேம் எடுத்தன், என்ட போர்ட் டிடிஆர்4. பிழை என்டதான். ரேம் ஸ்லொட்ல பூட்டல, பெட்டி கவர் எல்லாம் இரிக்கு. வித்தியாச காச கழிச்சு மாத்தி தரலாமா?" பிழைய ஒத்துக்கொண்டதாலதான் அவர் மாத்தி தந்தார் எண்டு நினைக்கிறன். பழுது எண்டு பொய் சொல்லி அனுப்பினா அவங்க டெஸ்ட் பண்ணுவாங்க, நல்லா ஓடும், சாமான் அப்பிடியே திரும்பி வரும், ரெண்டு பக்க கூரியர் காசும் உங்கட தலைல.

பெட்டி உடைக்கிறதில இருந்து வீடியோ எடுங்க. போர்ட் எண்டா ப்ரொசசர் வைக்க முதல் சொக்கட்ட கிட்டவா ஃபோட்டோ எடுங்க, உள்ள மயிர் மாதிரி 1700 பின் இரிக்கு, ஒண்டு வளைஞ்சாலும் நீங்கதான் வளைச்சது எண்டு வரும். அந்த சொக்கட்டுக்கு மேல ஒரு கறுப்பு ப்ளாஸ்டிக் மூடி வரும், குப்பைல போட்டிராதீங்க, திருப்பி அனுப்பும்போது மூடி இல்லாட்டி கடைக்காரர் எடுக்கவே மாட்டார். என்டத சின்னவன் விளையாட கொண்டு போய் கிணத்தடில கிடந்து எடுத்தன்.

கட்டும்போது வந்த அதே வெள்ளி நிற பைல போடுங்க, சொப்பிங் பேக்ல சுத்த வேணாம். ப்ரொசசர்ல கூலருக்கு பூசின பேஸ்ட் இருந்தா துடைச்சிடுங்க. சீரியல் நம்பர ஃபோட்டோ எடுத்திட்டு, கூரியர் துண்டையும் கடைக்கு அனுப்புங்க.

உண்மையா பழுதான சாமான வாரண்டிக்குள்ளயும் கடை மறுத்தா, இலங்கைல பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இரிக்கு, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க சட்டத்துல வந்தது, 1977 எண்ட ஃபோன் நம்பருக்கு அடிச்சு கேக்கலாம். முறைப்பாட்ட எழுத்துல குடுக்கணும், மாசக்கணக்கா இழுத்தடிக்காதீங்க. ஆனா என்ன மாதிரி டி4 எழுத்த பாக்காம வாங்கிட்டு அங்க போய் நிண்டா வேலைக்காகாது.

மாத்தின சாமான் வந்தா சீல உடைக்க முதல் லேபிள வாசிங்க. எனக்கு ரெண்டு 8 ஜிபி கேட்டு ஒரு 16 ஜிபி குச்சிதான் வந்திச்சு. கேட்டதுக்கு "ஸ்டொக் இல்ல தம்பி, பிறகு இன்னொண்டு போடுங்க" எண்டார். இன்னும் அந்த ஒண்டோடதான் ஓடுது, நாலாவது ஸ்லொட் காலியா கிடக்கு.