போனில் எடுத்த வீடியோவில் சத்தம் விலகிப் போனால்

தங்கை கல்யாணத்தின் நாதஸ்வரக் கச்சேரியைப் போனில் எடுத்து, கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரில் வெட்டிக்கொண்டிருந்தேன். தொடக்கம் சரியாக இருந்தது. போகப் போக, தவில்காரரின் கை படுவது ஒரு நேரம், சத்தம் கேட்பது ஒரு நேரம் என்று ஆகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, விலகல் ஒரே அளவில் இருக்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான். ஒரே அளவு என்றால் ஆடியோவைச் சற்று நகர்த்தினால் போதும். கூடிக்கொண்டே போனால் நகர்த்திப் பயனில்லை. முதலில் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் என்பதைப் பாருங்கள். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தபோது ஃபிரேம் ரேட் மோட் ‘வேரியபிள்’, அதாவது மாறிக்கொண்டே இருப்பது, என்று காட்டியது. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் நொடிக்கு எடுக்கும் ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும். ஆடியோ அப்படி மாறாது. எடிட்டர் சீராக 30 ஃபிரேம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் பிரியத்தானே செய்யும்?

வீடியோ கோப்புகளை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய் ஃபிரேம் ரேட்டை 30, ‘கான்ஸ்டன்ட்’ (மாறாதது) என்று மாற்றினேன். தரம் குறையாமலிருக்க, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18 என்று வைத்தேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். ஆடியோவுக்கு ஏஏசி பாஸ்த்ரூ, அதாவது ஏஏசி வடிவத்தில் உள்ள ஒலியை மறுபடி சுருக்காமல் அப்படியே விடுவது. நாதஸ்வரத்தின் நாதம் கெடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

புதிய கோப்பில் கடைசி வரை கையும் ஒலியும் சேர்ந்தே வந்தன. அப்புறம், கேடென்லைவின் புதிய பதிப்புகள் ஃபிரேம் ரேட் மாறும் கோப்பைச் சேர்க்கும்போதே மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். மூலக் கோப்பை மட்டும் வேலை முடியும்வரை அழிக்காதீர்கள்.