தங்க ரேக்கில் வெள்ளக் கோடு

பருவநிலை மாற்றத்தைப் படமாக்கப் பனிக்கரடி வரையாதீர்கள். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் அதை யார் பார்த்தார்கள்? விடியற்காலை மழையில் ரப்பர் பால்மரம் வெட்டாமல் திரும்பும் பாட்டி, தோட்ட லயத்துச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு, இவை போதும்.

நான் கற்றது தஞ்சாவூர் ஓவியம். முறையை மாற்றத் தேவையில்லை, எங்கே தங்கம் வைப்பது என்பதை மட்டும் மாற்றுங்கள். பிளைவுட்டில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சு பூசி, தேய்த்து வழவழப்பாக்குங்கள். நம் ஊர் ஈரத்தில் பலகை வளையும். பின்பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். அடுத்து மக்கு வேலை, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்புவது. வழக்கமாகக் கிரீடத்துக்கும் மாலைக்கும் மேடு எழுப்புவோம். இங்கே அந்தச் சேற்றுக் கோட்டுக்கு எழுப்பி, முழுக்கக் காய்ந்தபின் தங்க ரேக்கு ஒட்டுங்கள். மழை நாளில் அவசரப்பட்டால் மக்கு வெடிக்கும். பாட்டிக்கு நகை வேண்டாம், கண்ணை மட்டும் அம்மன் கண்போல் எழுதுங்கள்.

பார்டரில்தான் கணக்கு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பத்துப் பங்குக்கு ஒரு கல் பதியுங்கள்: இடப்பக்கம் அன்றைக்கு 28 கற்கள், வலப்பக்கம் இன்றைக்கு 42. வலப்பக்கம் நெருக்கியடிக்கும். அடிக்கட்டும், சமன்செய்யாதீர்கள்.

'இந்த வெள்ளமே பருவநிலை மாற்றத்தால்தானா?' என்று கேட்பார்கள். ஒரே வெள்ளத்தைக் காட்டி அப்படி அடித்துச் சொல்லாதீர்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும், பெய்தால் கொட்டும் என்று சொல்லுங்கள். படத்தைக் கோயில் மண்டபத்தில் மாட்டக் கேளுங்கள். கேலரிக்கு நம் ஆட்கள் போகமாட்டார்கள்.