தெகிவளை மிருகக்காட்சிசாலையில் பிரெஞ்சு வகுப்பு: சிறு பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பலருக்குப் பாரிஸில் சித்தப்பாவோ மச்சாளோ இருப்பதால் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அவர்களைத் தெகிவளைக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்திய முறையை, புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். பெற்றோரின் அனுமதி, தண்ணீர்ப் போத்தல், தொப்பி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. போயா நாளைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் குரலே கேட்காது.

முதலில் நீங்கள் தனியாகப் போய்ச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கூட்டில் எது நிற்கிறது, எது வெறுமையாகக் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு 10 விலங்குகளை மட்டும் தெரிவுசெய்யுங்கள்.

அடுத்தது அட்டை. பிரிஸ்டல் போர்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஆண்பால் சொல்லுக்கு நீலக் கரையும் பெண்பால் சொல்லுக்குச் சிவப்புக் கரையும் பேஸ்டலால் போடுங்கள். படத்தைப் பிள்ளைகளே வரையட்டும். அச்சடித்த பயிற்சித்தாள்களை நான் வாங்குவதில்லை, தன் கையால் வரைந்த ஆமையைப் பிள்ளை மறப்பதில்லை.

இனித்தான் நிதானம் வேண்டும். தமிழில் யானையும் ஆமையும் அஃறிணை, 'அது' என்றால் போதும். பிரெஞ்சில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பால் உண்டு. சொற்பட்டியல்கள் பலவற்றில் ஆண்பாலுக்கு 'ல', பெண்பாலுக்கு 'லா' சேர்த்து 'ல லியோன்' (சிங்கம்), 'லா ஜிராஃப்' (ஒட்டகச்சிவிங்கி) என்றுதான் இருக்கும். அதுவரை சிக்கல் இல்லை. ஆனால் உயிரொலியில் தொடங்கும் சொல் வந்தவுடன் 'ல', 'லா' இரண்டும் ஒரே 'ல்' ஆகச் சுருங்கிவிடுகின்றன: யானை 'லெலெஃபான்', தீக்கோழி 'லோத்ரூஷ்'. யானை ஆண்பால், தீக்கோழி பெண்பால் என்பதைப் பிள்ளை எதை வைத்து அறியும்? ஆகவே 'ஒரு' என்ற பொருளில் வரும் 'அன்', 'யூன்' சேர்த்தே அட்டையில் எழுதுங்கள்: 'அன் னெலெஃபான்', 'யூன் ஓத்ரூஷ்'. முன்னதில் 'ன்' அடுத்த உயிரோடு ஒட்டி ஒலிப்பதைக் கைதட்டிக் காட்டுங்கள். 'யூன்' சரியாக வர, 'ஈ' சொல்வதுபோல் நாக்கை வைத்து உதட்டை மட்டும் குவிக்கச் சொல்லுங்கள்.

இந்தத் தமிழ் எழுத்து நமக்கு மட்டும். பிள்ளைகளின் கொப்பியில் இப்படி எழுதவிடாதீர்கள், மூக்கொலி ஒருபோதும் வராது. காதால் கேட்டே பழகட்டும்.

அங்கே போனதும் நால்வருக்கு ஒரு பெரியவர் என்று பிரியுங்கள். கொப்பி, பென்சில் எதுவும் வேண்டாம். கூட்டின் முன் ஒரு பிள்ளை 'செ தன் லியோன்?' (இது சிங்கமா?) என்று கேட்க, மற்றவர்கள் 'வி' (ஆம்) அல்லது 'நோன்' (இல்லை) சொல்லி, சரியான அட்டையைத் தூக்க வேண்டும். பெண்பாலுக்கு 'செ த்யூன்'. எங்கள் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், இந்த ஒட்டகச்சிவிங்கி ஆண்தானே, ஏன் சிவப்பு அட்டை?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. பால் அந்தச் சொல்லுக்கு உரியது, எதிரே நிற்கும் விலங்குக்கு அல்ல என்று அங்கேயே விளக்குங்கள்.

அடுத்த வகுப்பில் டிமைத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, பாதியை நீலமாகவும் பாதியைச் சிவப்பாகவும் பிரியுங்கள். கரையில்லாத புதிய படங்களை நினைவிலிருந்து உரிய பக்கத்தில் ஒட்டவேண்டும். ஒட்டும்போது 'ஜெ வ்யூ அன் லியோன்' (ஒரு சிங்கத்தைப் பார்த்தேன்) என்று முழுவாக்கியம் சொல்ல வேண்டும். 'எனக்குச் சிங்கம் பிடிக்கும்' என்று சொல்லத்தான் எல்லோரும் துடிப்பார்கள். அதை இப்போது தொடாதீர்கள். அந்த வாக்கியத்தில் 'அன்' போய்ப் பன்மைக்குரிய 'லே' வந்துவிடும், பாடுபட்டுப் பதித்தது கலைந்துபோகும்.

பின்சேர்க்கை: சிவப்பு அட்டை விளக்கத்தைக் கேட்ட பிள்ளைகள் பெண் சிங்கத்தையும் 'அன் லியோன்' என்றே சொல்வதாக ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். சிங்கத்துக்குப் பெண்பாலில் தனிச்சொல் உண்டு: 'யூன் லியொன்'. 'அன் லியோன்' மூக்கொலியில் முடியும், 'யூன் லியொன்' நாக்கு மேலே தொட்டு முழு 'ன்' ஒலிக்க முடியும். சிங்கத்துக்கு மட்டும் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு அட்டை செய்து, இரண்டையும் மாறி மாறிச் சொல்லவையுங்கள்.