பழைய மரப்பாலத்தை எடுக்கும் முன் கீழே இறங்கிப் பாருங்கள்

ஊர்ப்புற நெடுஞ்சாலையில் ஆற்றுக்கு மேல் நிற்கும் பழைய மரப்பாலத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால், மேல் பலகையை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். தூண்தான் விஷயம், அதிலும் தண்ணீர் ஏறி இறங்கும் மட்டம். எப்போதும் மூழ்கியே கிடக்கும் பகுதிக்குக் காற்று கிடைக்காது, அதனால் பூஞ்சை எளிதில் அண்டாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருக்கிற இடத்தில்தான் மரம் உளுத்துப்போகும். சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி, 'பொத்' என்றால் சின்னத் துளை போட்டுப் பாருங்கள், வெளியே கல் மாதிரி இருக்கும் தூணுக்குள்ளிருந்து ஈரமான பழுப்புத் தூள் கொட்டும். அப்படிக் கொட்டினால் புதுப் பாலம் வரும்வரை காத்திருக்கக் கூடாது, கனரக வண்டிகளை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

அடுத்தது ஆறு. பழைய பாலத்தின் நீளத்தையும் உயரத்தையும் அப்படியே புதுசுக்கும் வைத்துவிடுவது பலரும் செய்யும் தப்பு. பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கரையில் இருப்பவர்களைக் கேளுங்கள், மரக்கிளைகளில் சிக்கிக் காய்ந்த குப்பையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், நீரோட்டக் கணக்குப் போடும் பொறியாளருக்கு இது பெரிய உதவி. மரப்பாலத்துக்குச் சில மீட்டருக்கு ஒரு தூண் என்பதால் மிதந்து வரும் மரமெல்லாம் மாட்டி அணை மாதிரி நின்றுவிடும், தண்ணீர் சுழன்று தூணடி மண்ணைப் பறித்துக்கொண்டு போகும். முன்னழுத்தக் கான்கிரீட் கர்டர் (உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியுள்ள நீள உத்திரம்) 30 மீட்டரைக்கூட ஒரே தாவலில் தாண்டும். ஆற்றுக்குள் ஒரு தூண் குறைந்தாலும் லாபம்தான்.

சரி, வேலை நடக்கும்போது வண்டி எங்கே போகும்? இடம் இருந்தால் புதுப் பாலத்தைப் பக்கத்திலேயே கட்டி, சாலையைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளுங்கள். பழையதிலேயே போக்குவரத்து ஓடும். இடம் இல்லையா, தற்காலிகமாகப் பெய்லி பாலம் போடலாம்; இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக வடிவமைத்தது, துண்டுகளைப் பூட்டிப் பூட்டியே நீட்டிவிடலாம். பழைய பாலத்தில் தொங்கும் குடிநீர்க் குழாய், கேபிள் எல்லாவற்றையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள், கடைசி நேரத்தில் வேலையை நிறுத்துவது இவைதான்.

இடிக்கும்போது கிரியோசோட் (மரம் உளுக்காமலிருக்க ஏற்றும் தார் எண்ணெய்) ஏற்றிய மரத்தை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. பிடுங்க முடியாத தூண்களை ஆற்றுப் படுகைக்குக் கீழே அறுத்துவிட்டு, எது எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் புதுப் பாலத்தின் பைலுக்கு (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்) துளையிடும் இயந்திரம் அதிலேயே போய் முட்டும்.

அப்புறம் அணுகுசாலை, அதாவது பாலத்தோடு வந்து சேரும் சாலை. பாலம் அசையாது, பாலத்தின் கரைச் சுவருக்குப் பின்னால் கொட்டிய மண் இறங்கும், சேருமிடத்தில் வண்டி 'தடக்' என்று குதிக்கும். மண்ணை மொத்தமாகக் கொட்டாமல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகே அடுத்ததைப் போடச் சொல்லுங்கள். அந்தச் சுவர் ஓரத்துக்குப் பெரிய ரோலர் போகாது, அங்கே சின்ன இயந்திரத்தை வைத்து மண்ணை இடித்து இறுக்க வேண்டும். அந்த ஒரு மீட்டரில்தான் ஆட்கள் ஏமாற்றுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.