மூட்டு வலிக்கு நீச்சல் குளத்தில் பயிற்சி: முதலில் ஆழத்தைத் தேர்ந்தெடுங்கள்

பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் முழங்கால் வலி என்றால் பிழிச்சல், உழிச்சல் என்னும் ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சைகள்தான் முதலில் நினைவுக்கு வரும். பாலக்காட்டிலோ கோவையிலோ இயன்முறை மருத்துவர் ஒருவர் நீரில் பயிற்சி செய்யச் சொன்னால், நீந்தத் தெரியாதே என்று பலர் தயங்குகிறார்கள். இதற்கு நீச்சல் தேவையில்லை. கால் தரையில் ஊன்றியிருக்கும் ஆழமே போதும்.

அந்த ஆழத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். இடுப்பளவு நீரில் நிற்கும்போது கால்கள் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியையும், மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கையும், கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கையும் மட்டுமே தாங்குகின்றன. ஆகவே வலி மிகுந்தவர்கள் மார்பளவில் தொடங்கி, வலி குறையக் குறைய ஆழம் குறைந்த பக்கம் நகர வேண்டும். அடுத்தது வேகம். நீரில் அசைவின் வேகத்தை இரு மடங்காக்கினால் எதிர்விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே மெல்ல அசையுங்கள். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்குத்தான் இந்த இடத்தில் பொறுமை போதாது.

ஐந்து நிமிடம் முன்னோக்கியும் பின்னோக்கியும் பக்கவாட்டிலும், குதிகால் முதலில் பதியுமாறு நடங்கள். பிறகு சுவரோரக் கம்பியைப் பிடித்து, முதுகை நிமிர்த்தியபடி ஒரு காலைப் பக்கவாட்டில் விரித்து மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து முழங்காலை இடுப்பு உயரம் வரை தூக்கி இறக்குங்கள். குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துவதும், நாற்காலியில் அமர்வதுபோல் பாதியளவு தாழ்ந்து எழுவதும் பின்னர். ஒவ்வொன்றும் பத்து முறை போதும். முதல் வாரத்தில் மொத்தம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

சிகிச்சைக் குளங்களில் நீர் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்கும். சாதாரண நீச்சல் குளங்கள் அதைவிடக் குளிர்ந்தவை என்பதால் அங்கே நடையைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் ஈர உடம்பை நடுங்க வைக்கும். துண்டைக் கரையிலேயே வையுங்கள். எண்ணெய்ச் சிகிச்சை எடுத்த நாளில் இறங்க வேண்டாம், படியும் வழுக்கும், நீரும் கெடும். ஊர்க் குளம் இதற்கு மாற்றாகாது: தரை சமமில்லை, பாசி உண்டு, தேங்கிய நன்னீர் மூக்கில் ஏறினால் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்று வரக்கூடும். 2024இல் கேரளத்தில் அத்தொற்றால் உயிரிழப்புகள் நேர்ந்தன.

காய்ச்சல், ஆறாத புண், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் குளத்தைத் தவிர்க்க வேண்டும். இதய நோய், வலிப்பு, கட்டுப்படாத இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரின் அனுமதி கட்டாயம். யாராயினும் தனியாக இறங்காதீர்கள்.

வெளியேறும்போது படியருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். உடல் எடை திடீரெனத் திரும்புவதால் கால் கனக்கும், சிலருக்குத் தலையும் சுற்றும். கம்பியைப் பிடித்தேறி, உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். வலி மறுநாளும் கூடுதலாக இருந்தால், அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒரு படி ஆழமான இடத்தில் செய்யுங்கள்.