பழைய ஸ்னேர் டிரம்: இறுகிய ராடை முறிக்காமல் கழற்ற
பழைய ஸ்னேர் டிரம்மில் டென்ஷன் ராட் (தோலை இறுக்கும் நீண்ட திருகாணி) அசைய மறுக்கிறதா? பலத்தைக் காட்டாதீர்கள். முறிந்தால் லக்கின் (ராட் திருகி இறங்கும், ஓட்டில் பொருத்திய உலோகப் பிடி) உள்ளிருக்கும் நட்டும் கெட்டுவிடும். அதே காலத்து நட்டு கிடைப்பது அரிது. துருவைத் தளர்த்தும் எண்ணெயை ஒரு துளி விட்டு, ஓர் இரவு பொறுத்திருங்கள். பிறகு ராடைத் திருகும் டிரம் சாவியை மெல்ல முன்னும் பின்னுமாக அசையுங்கள். மர ஓட்டில் எண்ணெய் படவே கூடாது.

புதிய ராட் வாங்கும் முன் மரையைப் பாருங்கள். அமெரிக்க டிரம்களில் பெரும்பாலும் 12-24 அளவு (12ஆம் எண் தடிமன், அங்குலத்துக்கு 24 மரை). பழைய ஐரோப்பிய டிரம்களில் வேறாக இருக்கலாம். விரலால் சுழன்று இறங்காத ராடைச் சாவியால் திணிப்பது பாவம்!

அடித்தோலை ஒட்டி அதிரும் ஸ்னேர் கம்பிகளைக் கட்டும்போது, அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரின் இழுவிசைத் திருகு நடுநிலையில் இருக்கட்டும். பின்னர் இறுக்கவும் தளர்த்தவும் இடமிருக்கும்.