நீருக்கடியில் மந்திரம்: ஆட்டம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேக்கடி ஏரியில் படகில் சென்றவர்கள் நீருக்கு மேலே தலைநீட்டி நிற்கும் பட்ட மரங்களைப் பார்த்திருப்பார்கள். 1895இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபின் மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. குமுளியில் ஞாயிறுதோறும் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டத்தை ஆடும் எங்கள் குழுவுக்கு, அம்மரங்களின் அடியில் என்ன இருக்கும் என்ற கேள்வியிலிருந்தே ஒரு சாகசம் பிறந்தது: மூழ்கிய காட்டுக்குள் ஒரு கோயில், அதன் கருவறையில் அணையாத விளக்கு. ஆனால் முதல் சண்டையிலேயே ஆட்டம் நின்றுவிட்டது. மந்திரவாதியாக ஆடியவர் ஃபயர்பால் என்னும் தீக்கோள மந்திரத்தை எறிவதாகச் சொன்னதும், தண்ணீருக்குள் நெருப்பு எரியாது என்று ஆட்டத்தை நடத்திய நான் மறுத்துவிட்டேன். அது என் பிழை.

விதிநூலைத் திறக்காமல் பள்ளி அறிவியலைக் கொண்டு தீர்ப்பு வழங்குவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, முழுதும் நீரில் மூழ்கியவருக்குத் தீயின் சேதம் பாதியாகிறது, அவ்வளவே. ஃபயர்பாலுக்கு உருட்டும் 8 ஆறுபக்கப் பகடைகளின் சராசரி 28. நீருக்குள் அது 14 ஆகும், இலக்கானவர் சேதத்தைக் குறைக்கப் பகடை உருட்டும் தற்காப்பு உருட்டலிலும் வென்றால் 7 ஆகும். மந்திரம் மெலிகிறதே தவிர அழிவதில்லை. இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்னும் வேறோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்போ நீருக்கடியில் தீ மந்திரங்களை அடியோடு தடுக்கிறது. ஆகவே எந்த ஆட்டத்தின் விதியைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மின்னலுக்கும் இதுவே பொருந்தும். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்று கருதி லைட்னிங் போல்ட் என்னும் மின்னல் மந்திரத்தைச் சுற்றியுள்ள அனைவர்மீதும் பரவவிட்டால், 100 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட ஒரு கோடு, விதியில் எங்கும் இல்லாத வலிமையை இலவசமாகப் பெற்றுவிடும்.

இவற்றினும் பெரிய தவறு, என் கருத்தில், வாய்ச்சொல் தேவைப்படும் மந்திரங்களை முற்றிலும் தடைசெய்வது. வாய் கட்டப்பட்டவரும் மாய அமைதிக்குள் நிற்பவரும் அவற்றைச் சொல்ல முடியாது என்று ஐந்தாம் பதிப்பு கூறுகிறது; தண்ணீரைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. தடைசெய்தால் ஈட்டிக்காரர் தொடர்ந்து போரிட, மந்திரவாதி கைகட்டி உட்கார்ந்திருப்பார். அதற்காக எந்த விலையும் இல்லாமல் அனுமதித்தாலும் தண்ணீர் வெறும் திரைச்சீலை ஆகிவிடும். உடலுறுதிக்காகப் பகடையோடு கூட்டப்படும் எண் 2 ஆக உள்ளவர் 3 நிமிடம் மூச்சடக்கலாம். ஒரு சுற்று 6 வினாடி என்பதால் அது 30 சுற்றுகள். எங்கள் சண்டைகள் பெரும்பாலும் ஐந்தாறு சுற்றுகளில் முடிந்துவிடும் நிலையில், மூச்சைப் பற்றி யார் அஞ்சப் போகிறார்கள்?

இதற்கான விடையைக் கபடிக் களத்தில் கண்டேன். பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே எதிரணிக்குள் நுழைகிறார். சொல்லச் சொல்ல மூச்சு கரைகிறது, ஆனால் சொல்வதை யாரும் தடுப்பதில்லை. எனவே வாய்ச்சொல் மந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட மூச்சு செலவாகும் என்று எங்கள் மேசைக்கென ஒரு விதி வகுத்தோம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இன்னும் கடுமையானது: அங்கே மூச்சடக்கியவர் பேசினால் மீதமுள்ள காற்று முழுவதும் போய்விடும். நம் விதி எதுவாயினும், கையசைவு மட்டுமே கேட்கும் ஷேப் வாட்டர், பேச்சு வேண்டாத ஐஸ் நைஃப் போன்ற மந்திரங்களும் அப்போதுதான் மதிப்புப் பெறுகின்றன.

மூச்சுத் திணறலை மட்டுமே நம்பி ஒரு சாகசத்தைக் கட்டுவதும் சரியன்று. வாட்டர் பிரீதிங் என்னும் மூன்றாம் நிலை மந்திரம் பத்துப் பேருக்கு 24 மணி நேரம் நீரில் சுவாசிக்கும் ஆற்றலைத் தருகிறது. சடங்காகச் செய்தால், மந்திரவாதிக்கு அளவாகவே கிடைக்கும் மந்திர வாய்ப்புகளில் (ஸ்லாட்) ஒன்றுகூடச் செலவாகாது. அதைத் தேடிக் கற்றுவந்தவரைத் தண்டிக்காமல், ஆபத்தை வேறிடத்தில் வையுங்கள். தெளிந்த, வெளிச்சமுள்ள நீரில் எதிரி 60 அடியில் தென்படுவார். கலங்கிய நீரில் 10 அடியில்தான். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்: பருவமழைக்குப் பிந்தைய ஏரியைப் போன்ற செந்நீரில் அதை அருகே எறிபவர், தம் கண்ணுக்குத் தெரியாத தோழரையும் சேர்த்தே சுட்டுவிடக்கூடும். அந்த வட்டம் மேலும் கீழும்கூட விரியும் கோளம் என்பதையும் வரைபடத்தில் ஆடுபவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

எந்த விதியாயினும் சண்டையின் நடுவே அறிவிக்க வேண்டாம். மந்திரவாதி நீண்ட ஓய்வுக்குப் பின் அன்றைய மந்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அது அவர் கையில் இருக்க வேண்டும். அடுத்த முறை நான் அரைத்தாளில் எழுதிச் சனிக்கிழமையே அனுப்பினேன். அதே மந்திரவாதி கருவறை வாசலை அடைந்தபோது அவரிடம் ஒரு நிமிட மூச்சே மீதமிருந்தது. அதை ஒரு மந்திரத்துக்குச் செலவிடுவதா, மேலே நீந்தித் திரும்ப வைத்துக்கொள்வதா என்று அவர் நெடுநேரம் யோசித்தார், மேசையில் இருந்த ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.